ஜெப நோட்டில் பதினோராம் வரி

எங்கள் சபையின் பெண்கள் சங்கத்துக்கு ஒரு ஜெப நோட்டு உண்டு. காலிக்கோ அட்டை போட்ட நீள நோட்டு. சித்தூரில் செவ்வாய்க்கிழமைதோறும் பிற்பகல் மூன்று மணிக்குக் கூடும் கூட்டத்தில் செயலாளர் அதை வாசிப்பார். ஒரு வரிக்கு ஒரு வீடு, ஒரு தேவை. ‘கண் ஆபரேஷன்.’ ‘மகனுக்கு ரயில்வே வேலை.’ ‘குடி நிற்க.’ ஒரு வரி நோட்டிலிருந்து நீங்க இரண்டு வழிகள்தான் இருந்தன. கேட்டது கிடைத்தால் சிவப்பு மையில் கோடு இழுத்து, பக்கத்தில் ‘ஸ்தோத்திரம்’ என்று எழுதுவார்கள். ஆள் இறந்துவிட்டால் கறுப்பு மையில் கோடு. கிடைக்காதது அப்படியே இருக்கும். நோட்டு நிரம்பினால் அதே எண்ணோடு அடுத்த நோட்டுக்கு ஏறும்.

பதினோராம் வரி எங்கள் வீடு. ‘கர்ப்பத்தின் கனி’ என்று மட்டும் எழுதியிருந்தது. எழுதச் சொன்னவர் என் மாமியார். கல்யாணமான இரண்டாம் வருஷம், 1972இல்.

மெட்ராசிலிருந்து வரும் ஒரு தமிழ்த் தினசரிக்கு என் கணவர் சித்தூர் நிருபர். அவர் போய்ப் பார்த்து வந்து சொல்வார், நான் எழுதுவேன். அவருடைய கையெழுத்து புரியவில்லை என்று அச்சுக்கோப்பவர்கள் சண்டை பிடித்ததால் வந்த ஏற்பாடு. மாலை ஐந்து மணி பஸ்ஸில் கவர் போயாக வேண்டும். ‘நமது நிருபர்’ என்று அச்சில் வந்ததில் பாதி நான். யார், எங்கே, எப்போது, என்ன என்பவை முதல் வாக்கியத்தில் வர வேண்டும். ஏன் என்பது தெரிந்தால் எழுதலாம். தெரியாவிட்டால் விட்டுவிட வேண்டும். நூற்றுக்கணக்கான செய்திகளில் நான் அதை விட்டிருக்கிறேன். என் விஷயத்தில் மட்டும் விட முடியவில்லை.

1977 முடிவதற்குள் வேலூரிலும் சித்தூரிலும் எல்லாம் பார்த்தாயிற்று. கருக்குழாயில் அடைப்பு இல்லை என்று காற்றைச் செலுத்திப் பார்த்துச் சொன்னார்கள். கணவரிடமும் குறை இல்லை. ‘எல்லாம் நார்மல்’ என்று எழுதிய நான்கு சீட்டுகள் டிரங்குப் பெட்டியில் இருந்தன. குறை என்று ஒன்றை எழுதித் தந்திருந்தால் அன்றிரவு தூங்கியிருப்பேன். அந்த நாட்களில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. செய்தி எழுதும்போதுகூட ஒரு பத்தி முடிந்ததும் எழுந்து போய்க் காலண்டரைப் பார்த்துவிட்டு வருவேன்.

திருப்பதியில் புதிதாக ஒரு பெண் டாக்டர் வந்திருப்பதாகக் கணவர் கேள்விப்பட்டு வந்தார். மெட்ராசில் படித்தவர், வெளிநாட்டில் இரண்டு வருஷம் இருந்தவர். சொந்தமாகச் சின்ன ஆஸ்பத்திரி. 1978 ஜனவரியில் போனோம். டாக்டர் நான்கு சீட்டுகளையும் மேசைமேல் வரிசையாக வைத்துப் பார்த்தார்.

“அன்னீ நார்மலே,” என்று தெலுங்கில் சொன்னார். பிறகு தமிழுக்கு வந்தார். “ரெண்டு பேரும் தனித்தனியா நல்லா இருக்கீங்க. சேர்ந்தா என்ன ஆகுதுன்னு யாரும் பார்க்கல.”

பார்க்கும் முறையைச் சொன்னார். மாதத்தின் நடுவில் அவர் குறிக்கும் நாளில் கணவனும் மனைவியும் சேர்ந்திருந்துவிட்டு, சில மணி நேரத்துக்குள் நான் அவரிடம் வர வேண்டும். உள்ளேயிருந்து துளி எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பார்.

“சித்தூர்ல இருந்து பஸ்ல குலுங்கிட்டு வராதீங்க. இங்கேயே ரூம் போட்டுத் தங்குங்க,” என்றார்.

குறித்த நாளுக்கு முந்தைய தினம் பஸ் ஏறினோம். காணிப்பாக்கம் கூட்டு ரோட்டில் பிள்ளையாரைப் பார்க்கப் போகிறவர்கள் இறங்கிய பிறகுதான் உட்கார இடம் கிடைத்தது. திருப்பதியில், அலிபிரிக்குப் போகும் சாலையில் ஒரு லாட்ஜ். மானேஜர் நெற்றியில் பெரிய நாமம்.

“தரிசனமா, மொட்டையா?” என்று கேட்டார்.

“ரெண்டும் இல்ல,” என்றார் கணவர்.

மானேஜர் எங்கள் பின்னால் எட்டிப் பார்த்தார். குழந்தை யாரும் இல்லை. “அப்ப வேண்டுதல். புள்ள வரம்தானே? மல பாத்த ரூமா தர்றேன்,” என்று பதிவேட்டைத் திறந்தார். கணவரின் பெயரை எழுதும்போது பேனா நின்றது. அந்தப் பெயரோடு யாரும் மலையேற வருவதில்லை. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “பரவால்ல சார். அவுரு எல்லாரையும் பாப்பாரு,” என்று எழுதி முடித்தார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு டாக்டர் துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். எனக்கும் காட்டுவீர்களா என்று கேட்டேன். அப்படிக் கேட்டவர்கள் குறைவு போலிருக்கிறது. ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு நகர்ந்து இடம் கொடுத்தார்.

நான் செய்தியில் உவமை எழுதுவதில்லை. பார்த்ததைச் சொல்கிறேன். விந்தணுக்கள் எல்லாம் உயிரோடு இருந்தன. வால்கள் அடித்துக்கொண்டிருந்தன. ஒன்றுகூட முன்னால் போகவில்லை. இருந்த இடத்திலேயே நடுங்கின.

“ரத்தம் எடுக்கணும்,” என்றார் டாக்டர்.

இரண்டு வாரம் கழித்து முடிவு. என் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரை நான்கு மடங்கு, பதினாறு மடங்கு, அறுபத்துநான்கு மடங்கு என்று நீர்க்கச் செய்து, ஒவ்வொன்றிலும் கணவரின் விந்தைக் கலந்து பார்த்திருந்தார்கள். அறுபத்துநான்கு மடங்கு நீர்த்த பிறகும் அணுக்கள் தலையோடு தலை ஒட்டிக் கட்டியாகிவிட்டனவாம்.

டாக்டர் என் இடது கையைப் பிடித்து, ரவிக்கைக் கைக்குக் கீழே தெரிந்த தழும்பைத் தொட்டார். “இது எதுக்கு?”

“அம்மை வராம இருக்க.”

“சின்ன வயசுல ஒரு தடவை கொஞ்சமா உள்ள விட்டாங்க. உடம்பு அதை எதிரின்னு ஞாபகம் வெச்சுக்கிச்சு. மறுபடி வந்தா பிடிச்சுக் கட்டிப்போடும். உங்க உடம்பு இதையும் அப்படி ஞாபகம் வெச்சிருக்கு. தப்பான ஞாபகம்.”

“மறக்க வெக்க முடியுமா?”

“ஆறு மாசம் அது உள்ள வராமப் பார்த்துக்கிட்டா மறக்கலாம். சில பேருக்கு மறந்திருக்கு. எல்லாருக்கும்னு நான் சொல்ல மாட்டேன். இந்தப் பரிசோதனையே நம்ம ஊருக்குப் புதுசு.” பிறகு கணவரைப் பார்த்துச் சொன்னார்: “ஆறு மாசம் நிரோத் உறை போடுங்க. ஒரு நாள் தவறினாலும் முதல்ல இருந்து எண்ணணும்.”

கணவர், “புள்ள வேணும்னு வந்தோம் டாக்டரம்மா,” என்றார்.

“தெரியும்,” என்றார் டாக்டர்.

திரும்பும் பஸ்ஸில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏழு வருஷத்துக்குப் பிறகு ஒரு ‘ஏன்’ கிடைத்திருந்தது. அதை வைத்துக்கொண்டு செய்ய வேண்டியது, இத்தனை நாள் செய்ததற்கு நேர் எதிரானது.

நிரோத் கிடைப்பது கஷ்டமில்லை. அப்போதுதான் முடிந்திருந்த எமர்ஜென்சி, கட்டாயக் குடும்பக் கட்டுப்பாட்டு முகாம்களின் காலம். எத்தனையோ முகாம்களைப் பற்றி நாங்களே எழுதியிருந்தோம். அந்த முகாம்களால்தான் அந்தப் பெயரைச் சொன்னாலே ஊரில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சுகாதார நிலையத்து உதவியாளர் என் கணவருக்குப் பழக்கம். அவர் கேட்டதும் நடந்த பேச்சைக் கணவர் வீட்டில் வந்து அப்படியே சொன்னார்.

“இன்னா சார், எழுதறதுக்கு சாம்பிளா?”

“ஆமாம்பா.”

“இத்தினியா? தொடர்கதையா எழுதப் போறீங்க?”

பாக்கெட்டுகளைப் பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு நடுவில் வைத்தோம். காலண்டரில் பிப்ரவரி மூன்றாம் தேதியில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். தினம் ஒரு புள்ளி. ஆகஸ்ட் மூன்று வரை.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் உபவாச காலமான லெந்து தொடங்குவதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை, கூட்டத்தில் என் மாமியார் எழுந்து நின்றார். அவருக்கு அறுபத்திரண்டு வயது. ஒரு காலத்தில் வீடு வீடாகப் போய் வேதம் வாசித்த பைபிள் உமன். சர்க்கரை வியாதி உண்டு.

“இந்த லெந்து பூரா பதினோராம் வரிக்கு. நாப்பது நாளும் பொழுது சாயற வரிக்கும் நான் ஒண்ணும் துன்ன மாட்டேன். கூட வர்றவங்க வாங்க,” என்றார்.

ஒன்பது பெண்கள் கை தூக்கினார்கள். நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டில் கணவரிடம், “சொல்லிடலாங்க,” என்றேன்.

“சொல்லாத. ஆறு மாசம் போவட்டும். அப்புறம் ஆச்சுன்னா உபவாசம் பலிச்சுதுன்னு அம்மா நெனச்சுக்கட்டும். யாருக்கு இன்னா கெட்டுப்போச்சு?”

“அவங்க வயிறு காயுதுங்க.”

“இத்த இன்னான்னு சொல்லுவே? எந்த வார்த்தைல சொல்லுவே?”

முதல் வாக்கியத்தில் என்ன வர வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை.

கை தூக்கிய ஒன்பது பேரில் ஒருத்தி ஐந்து மாத கர்ப்பிணி. அவள் வீட்டுக்கே போய், “நீ துன்னும்மா, இந்த நேரத்துல காயக் கூடாது,” என்றேன். “உனக்காகத்தான்கா. எனக்கு இது மூணாவது. உனக்கு ஒண்ணாவது வேணாமா?” என்று சிரித்தாள். உதடு வெடித்திருந்தது. திரும்பி நடக்கும்போது வழியில் இரண்டு முறை நின்றேன். வீட்டுக்கு வந்து அன்றைய புள்ளியை வைத்தேன்.

பன்னிரண்டாம் நாள் காலை பதினொரு மணிக்கு மாமியார் குழாயடியில் உட்கார்ந்துவிட்டார். உடம்பெல்லாம் வேர்வை. சர்க்கரை கரைத்து எடுத்துக்கொண்டு ஓடினேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

“பொழுது சாயட்டும்,” என்றார்.

“அத்தே, குடிங்க. இந்த உபவாசம் வீண்.”

“இன்னா சொன்ன?”

“இந்த ஆறு மாசம் நாங்களே தடுத்துக்கினு இருக்கோம். டாக்டர் சொன்னதால.”

டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். லாட்ஜைத் தவிர எல்லாவற்றையும் சொன்னேன். மைக்ராஸ்கோப்பில் பார்த்ததையும் தழும்பைத் தொட்டு டாக்டர் சொன்னதையும் சொன்னேன். மாமியார் கையில் அந்தத் தழும்பு இல்லை. அவருக்குச் சின்ன வயதில் அம்மையே வந்திருந்தது. கன்னத்தில் குழிகள் இருந்தன. அவர் அவற்றைத் தடவினார்.

“எனக்கு வந்துட்டு போச்சு. அப்புறம் எங்க வூட்ல நாலு பேருக்கு வந்துச்சு. நாந்தான் கூட இருந்து பாத்தேன். எனக்குத் திரும்ப வரல. அது மாதிரியா?”

“அது மாதிரிதான்.”

“உன் உடம்புக்கு என் புள்ள அம்மையா?”

“அப்படித்தான் நெனச்சுக்கினு இருக்காம்.”

குழாய்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். “அப்ப நான் பன்னெண்டு நாளா எதுக்குக் காஞ்சேன்?”

டம்ளரை அவர் பக்கம் நீட்டினேன். அவர் டம்ளரை வாங்கி முழுவதும் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, “அந்தப் புள்ளத்தாச்சி கூட காயறாளே. மொதல்ல அத்த நிறுத்தணும். உன் கெடு எப்ப முடியுது?” என்றார்.

“ஆகஸ்ட்டு.”

“ஆகஸ்ட்டுல நானே திரும்ப எழுதச் சொல்றேன். கர்த்தர்கிட்ட தேதி தப்பாக் கேக்கக் கூடாது.”

அந்தச் செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்கு நான் போகவில்லை. பாகாலா பக்கம் ஒரு லாரி கவிழ்ந்த செய்தியை எழுதிக்கொண்டிருந்தேன். மாமியார் என்ன சொன்னார் என்பது பிறகு தெரிந்தது. அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. என் விஷயத்தை வெளியே சொல்லவும் மனமில்லை. ஆகவே, “பதினோராம் வரிய எடுத்துடுங்க. உபவாசம் போதும், எல்லாரும் துன்னுங்க,” என்றிருக்கிறார். ஏன் என்று செயலாளர் கேட்டதற்கு, “இப்ப சொல்ற விஷயம் இல்ல. ஆகஸ்ட்டுல சொல்றேன்,” என்றிருக்கிறார்.

செயலாளர் சிவப்பு மைப் பேனாவைத் திறந்துவிட்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. ஆள் இறக்கவில்லை. எனவே கேட்டது கிடைத்துவிட்டது. அந்த நோட்டுக்கு வேறு கணக்குத் தெரியாது. ஆகஸ்ட் என்றால் எப்படியும் வயிறு வெளியே தெரிந்துவிடும், அதுவரை கண்பட வேண்டாம் என்று மாமியார் மூடி வைக்கிறார் என்று முடிவு செய்தார்கள். ‘ஸ்தோத்திரம்’ என்று எழுதி, எல்லாரும் முழங்காலில் நின்று நன்றி சொல்லியிருக்கிறார்கள். நன்றி சொல்லும்போது மாமியாரும் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தாராம். எதற்கு நன்றி என்று அவர் கேட்கவில்லை. அவருக்கு எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லிப் பழக்கம்.

புதன்கிழமை முதல் ஊறுகாய் வர ஆரம்பித்தது. மாங்காய், நார்த்தங்காய், மறுபடி மாங்காய். குழாயடியில் என் குடத்தை வேறு யாரோ தூக்கினார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பாஸ்டரம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “ஒண்ணும் சொல்லாத. எல்லாம் தெரியும்,” என்றார். எனக்குப் புரியவே இரண்டு நாள் பிடித்தது. புரிந்தபின் மாமியாரிடம் கேட்டேன்.

“நான் ஒரு பொய்யும் சொல்லலியே,” என்றார். உண்மைதான். அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை.

மறுக்க ஒவ்வொரு நாளும் நினைத்தேன். யாரிடம், எப்படி? ஊறுகாய் கொண்டு வந்தவளிடம் வாசலில் நின்று சொல்வதா? சொன்னால் வரி ஏன் நீங்கியது என்று கேட்பாள். அதற்குப் பதில் சொன்னால் பழைய பத்திரிகைக் கட்டு வரை போக வேண்டும். இதற்கு நடுவில் புள்ளிகள் நாற்பதைத் தாண்டி அறுபதைத் தொட்டன. சமையல் செய்யும்போது அடுப்பை விட்டு வந்து எண்ணுவேன். எண்ணிக்கை மாறியிருக்காது என்று தெரிந்தும் எண்ணுவேன்.

ஏப்ரலில், என் நாத்தனார் நாயுடுபேட்டையிலிருந்து சொல்லாமல் வந்து இறங்கினார். கையில் பெரிய துணிமூட்டை.

“ஒரு கடுதாசி போட்டீங்களாடி எனக்கு? கூடப் பொறந்தவ நானு. நாயுடுபேட்ட மார்க்கெட்டுல சித்தூர்க்காரி ஒருத்தி சொல்றா, நான் வாயப் பொளந்துகினு நிக்கறேன். எத்தினி மாசம்?”

“அண்ணி, உக்காருங்க. அப்படி ஒண்ணும் இல்ல.”

“இல்லன்னுதான் சொல்லுவீங்க. ஆகஸ்ட்டு வரிக்கும் இல்லன்னுதான் சொல்லணும். எனக்குத் தெரியாதா?”

நான் சோறு வைக்க உள்ளே போன நேரத்தில் அவர் மூட்டையை அவிழ்த்து, தன் நான்கு பிள்ளைகளும் போட்ட சின்னச் சட்டைகளை நனைத்துப் பிழிந்து முன்பக்கக் கொடியில் போட்டுவிட்டார். வெளியே வந்து பார்த்தேன். எட்டுச் சட்டைகள். கைகள் விரிந்து தெருவைப் பார்த்துத் தொங்கின. சைக்கிளில் போனவர் ஒருவர் காலை ஊன்றி நின்று பார்த்துவிட்டுப் போனார். அதுவரை வாய்ப்பேச்சாக இருந்தது அன்று அச்சேறிவிட்டது.

ஈரத்தோடு எடுத்தேன். “இன்னா, திருஷ்டியா? நம்பளுதான் அதெல்லாம் பாக்கறதில்லியே,” என்றார் நாத்தனார். அவரை உள்ளே கூட்டிப் போய் மாமியாரே விவரம் சொன்னார். நாத்தனார் கேட்டுவிட்டு, சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்தார். “இங்கியே இருக்கட்டும். ஆகஸ்ட்டுக்கு அப்புறம் எப்படியும் வேணுமில்ல,” என்று டிரங்குப் பெட்டியில் வைத்தார், நான்கு சீட்டுகளுக்கு மேல்.

கணவர் இன்னும் சும்மா இருக்கலாம் என்றார். சும்மா இருந்தால் என்ன ஆகும் என்று நான் அவருக்கு வரிசையாகச் சொன்னேன். ஜூலை வந்தும் வயிறு தெரியாது. கலைந்துவிட்டது என்பார்கள். அதற்குள் சுகாதார நிலையத்து உதவியாளர் எங்காவது தொடர்கதை ஜோக்கைச் சொல்வார். அப்புறம் கலைத்தார்கள் என்றாகிவிடும். சபையே பட்டினி கிடந்து வாங்கியதை நாங்கள் கலைத்தோம் என்று. அதற்குப் பிறகு ஆகஸ்ட்டில் எந்த முகத்தோடு அந்த வரியைத் திரும்ப எழுதச் சொல்வது?

கணவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து என் பக்கம் வைத்தார். “எழுது,” என்றார்.

எங்கள் பத்திரிகையில் தவறு எந்தப் பக்கத்தில் வந்தாலும் திருத்தம் ஆறாம் பக்கத்தில், சின்ன எழுத்தில்தான் வரும். அதைப் படிப்பவர் அரிது. தவறு வந்த இடத்திலேயே திருத்தமும் வர வேண்டும் என்பது என் எண்ணம். மே மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை நான் கூட்டத்துக்குப் போனேன். ஒரு காகிதத்தில் ஐந்து வாக்கியம் எழுதி வைத்திருந்தேன். செயலாளர் நோட்டைத் திறப்பதற்கு முன் எழுந்து வாசித்தேன்.

நான் கர்ப்பமாக இல்லை. திருப்பதியில் எடுத்த ரத்தப் பரிசோதனையில், என் உடம்பு கணவரின் விந்தணுவை நோய்க்கிருமி என்று நினைத்து எதிர்க்கிறது எனத் தெரிந்தது. அது மறப்பதற்காக ஆகஸ்ட் மூன்று வரை நாங்கள் தடுத்துக்கொண்டிருக்கிறோம். அதனால்தான் மாமியார் உபவாசத்தை நிறுத்தச் சொன்னார். பதினோராம் வரியில் இருக்கும் சிவப்புக் கோடு தவறு.

காகிதத்தை மடித்தேன். பிறகு பின்வரிசையிலிருந்து ஓய்வு பெற்ற தையல் டீச்சர், ஆறு பிள்ளை பெற்றவர், “அப்ப புருஷன் புடிக்கலன்னு உடம்பே சொல்லுது,” என்றார். இரண்டு மூன்று பேர் முந்தானையால் வாயை மூடினார்கள்.

என் மாமியார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “உன் உடம்பு ஆறு தபா ஒத்துக்கிச்சு. ஒரு நாளாவது அந்த மனுஷன் மூஞ்சப் பாத்து நீ சிரிச்சு நாங்க பாத்ததில்ல,” என்றார். இந்த முறை எல்லாரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். டீச்சரும்தான்.

செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கவலை வேறு. “சிவப்புல அடிச்சத எப்படி எடுக்கறது? ஸ்தோத்திரம்னு வேற எழுதிட்டேனே.”

“பக்கத்துல ‘தவறு’ன்னு எழுதுங்க,” என்றேன்.

“ஸ்தோத்திரத்துக்குப் பக்கத்துலயா?”

அதற்கு ஒருவரும் சம்மதிக்கவில்லை. கடைசியில், பதினோராம் எண்ணை வேறு யாருக்கும் கொடுக்காமல் ஆகஸ்ட் வரை காலியாக வைப்பது என்று முடிவாயிற்று.

ஊறுகாய் நின்றது. குடத்தை மறுபடி நானே தூக்கினேன். அடுத்த விருந்துப் பந்தியில் புதுமணப்பெண் ஒருத்தி என் பக்கத்து இலையை விட்டு எழுந்து வேறிடம் போனாள். இது ஒட்டுவாரொட்டி என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உபவாசம் இருந்த கர்ப்பிணிக்கு ஜூன் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. பார்க்கப் போனேன். குழந்தையை முதலில் என் மடியில்தான் போட்டாள்.

ஆகஸ்ட்டில் மறுபடி திருப்பதி. அதே லாட்ஜ். “போன தபா மேல போனீங்களா?” என்று கேட்டார் மானேஜர். இல்லை என்றார் கணவர். “அதான்,” என்றார் மானேஜர்.

இந்த முறை பதினாறு மடங்கு நீரில் ஒன்றும் ஒட்டவில்லை. நான்கு மடங்கில் மட்டும் அங்கங்கே சின்னக் கட்டிகள். நானும் பார்த்தேன். மீதியெல்லாம் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் ஓடின. “மறந்துக்கிட்டு வருது. இனிமே தடுக்காதீங்க,” என்றார் டாக்டர். மாமியார் சொன்னபடியே பதினோராம் வரியைத் திரும்ப எழுதச் செய்தார். சர்க்கரையை உத்தேசித்து ஒரே ஒரு நாள் உபவாசம் இருந்தார்.

1979 பிப்ரவரியில் பதினொரு நாள் தள்ளிப்போயிற்று. நான் யாரிடமும் சொல்லவில்லை. கணவர் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் மூன்றாம் நாளிலிருந்து ஐந்து மணிக் கவரை பஸ் ஸ்டாண்டுக்குத் தானே எடுத்துக்கொண்டு போனார். அந்தப் பதினொரு நாளும் நான் உட்கார்ந்த இடத்தைவிட்டு அவசியமில்லாமல் எழவில்லை. பன்னிரண்டாம் நாள் மதியம் மாதவிலக்கு வந்துவிட்டது. அன்று குடிநீர்ப் பஞ்சம் பற்றி ஒரு செய்தி இருந்தது. எழுதி முடித்து, கவரை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். திரும்பி வந்தபோது கணவர் வாசலில் நின்றிருந்தார். கை காலியாக வந்ததைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஒரு முறைகூடத் தள்ளிப்போகவில்லை. மாமியார் 1982இல் இறந்தார். ‘சர்க்கரை’ என்று அவர் பெயரில் இருந்த வரியைக் கறுப்பு மையில் அடித்தார்கள்.

1985இல் அதிக ரத்தப்போக்குக்காக அதே டாக்டரிடம் போனேன். எனக்கு நாற்பது வயது. பேச்சு முடிந்து எழும்போது, பழைய பரிசோதனையைப் பற்றிக் கேட்டேன்.

“இப்ப அதை அவ்வளவா எடுக்கறதில்ல,” என்றார். “குழந்தை பெத்தவங்க ரத்தத்துலயும் அது இருக்கறதைப் பார்க்கறோம். அது இல்லாதவங்க சில பேருக்குக் குழந்தையும் இல்ல.”

“அப்ப எனக்கு ஏன்?”

அவர் மேசையில் இருந்த பேனாவை மூடினார். “தெரியலம்மா,” என்றார்.

நேர்மையான பதில். நானாக இருந்தாலும் அந்த இடத்தில் அதைத்தான் எழுதியிருப்பேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தும் சித்தூர் வரை நின்றுகொண்டே வந்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்கு முன்னதாகவே போய், பதினோராம் வரியை எடுத்துவிடச் சொன்னேன். செயலாளருக்குக் கண் மங்கியிருந்தது. நோட்டை முகத்தருகே வைத்துக்கொண்டு கேட்டார்.

“கெடச்சுதாம்மா?”

“இல்ல.”

“யாரும் சாவலியே.”

“இல்ல.”

“அப்ப எந்த மையில அடிக்கறது?”

“பென்சில்ல அடிங்க,” என்றேன்.

கைப்பையில் தேடி ஒரு துண்டுப் பென்சிலை எடுத்து, அளவுகோல் இல்லாமல் ஒரு கோடு இழுத்தார். அழுத்தம் போதவில்லை. எழுத்து அதன் கீழே அப்படியே தெரிந்தது. மூன்று மணிக்கு எல்லாரும் வந்து உட்கார்ந்தபின் வரிசையாக வாசித்துக்கொண்டு வந்தவர், பத்தாம் வரி முடிந்ததும் பழக்கத்தில் பதினொன்றையும் வாசித்துவிட்டார். பெண்கள் ஆமென் என்றார்கள். நான் அங்கேதான் இருந்தேன். திருத்தவில்லை.